பிரதேச சபைக் கூட்டத்தில் வாக்காளர் எழுந்து கேள்வி கேட்க முடியுமா?

படுவான்கரை வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள ஒரு பிரதேச சபையின் எல்லைக்குள் வசிக்கிறேன். சபையின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் கேட்கவிருப்பது எல்லாச் சபைகளுக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன்.

எங்கள் ஊரின் உள்வீதி ஒன்று கிறவல் இட்டுச் செப்பனிடப்பட்டபோது, வீதியோரமாக இருந்த பழைய வடிகான் மூடுண்டு போயிற்று. அதன் பிறகு வந்த மாரி மழையில் தண்ணீர் ஓட வழியின்றி வளவுகளுக்குள் ஏறியது, கிணறுகள் கலங்கின, பாடசாலைப் பிள்ளைகள் சேற்றுக்குள்ளால் நடந்து போனார்கள். அந்த வேலைக்கான மதிப்பீட்டில் வடிகான் சேர்க்கப்பட்டிருந்ததா, சேர்க்கப்பட்டிருந்தால் அது ஏன் வெட்டப்படவில்லை, சேர்க்கப்படவில்லையானால் அப்படித் தீர்மானித்தவர் யார் என்பவையே ஊரவர்களின் கேள்விகள். எங்கள் வட்டார உறுப்பினரிடம் கேட்டோம். தான் எதிரணியில் இருப்பதால் தன் சொல் அங்கே எடுபடாது என்றார். கட்சிப் பட்டியல் மூலம் வந்த உறுப்பினர்களிடம் கேட்டால், அது தங்கள் வட்டாரம் அல்ல என்கிறார்கள்.

ஆகவே நாங்கள் சிலர் சபையின் மாதாந்தக் கூட்டத்துக்குச் சென்று பார்வையாளர் பகுதியில் அமர்ந்தோம். வீதி வேலைகள் பற்றிய பேச்சு வந்தபோது எங்களில் மூத்தவர் ஒருவர் எழுந்து, மரியாதையாகவே, இந்தக் கேள்வியைக் கேட்டார். தவிசாளர் அவரை அமரச் சொன்னார். பார்வையாளர்கள் பேசுவதற்கு இடமில்லை என்றும், மீறினால் வெளியேற்ற நேரிடும் என்றும் கூறினார். பெரியவர் அமர்ந்துவிட்டார். அன்று எங்கள் வீதி பற்றி எந்த உறுப்பினரும் வாய் திறக்கவில்லை.

நான் அறிய விரும்புவது இதுதான்: வரி செலுத்தி, வாக்களித்து ஒரு சபையைத் தெரிவு செய்த மக்களுக்கு, அந்தச் சபையின் கூட்டத்திலேயே உறுப்பினர்களைக் கேள்வி கேட்கும் உரிமை இலங்கைச் சட்டத்தில் எங்காவது உண்டா? இல்லையென்றால் அதை உண்டாக்குவதற்கு வழி உண்டா? சட்டமும் நடைமுறையும் அறிந்தவர்கள் பதில் தந்தால் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற உள்ளூராட்சி உத்தியோகத்தர், மட்டக்களப்பு

அன்பருக்கு வணக்கம். உங்கள் கேள்விக்கு மனத்துக்கு உவப்பில்லாத பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில், கூட்டத்தைப் பார்க்க வந்தவர் எழுந்து உறுப்பினரிடமோ தவிசாளரிடமோ வினா எழுப்புவதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. மாநகர சபைகளையும் நகர சபைகளையும் ஆளும் பழைய கட்டளைச் சட்டங்களிலும் இல்லை. சபையில் வினா எழுப்புவதும் பிரேரணை கொண்டுவருவதும் உறுப்பினருக்குரிய காரியங்கள். எனவே தவிசாளர் அந்தப் பெரியவரை அமரச் சொன்னதைச் சட்டப் பிழை என்று கூற முடியாது. ஆனால் ஒரு தவிசாளர் செய்யக்கூடியது அத்துடன் முடிந்துவிடுவதில்லை. கேள்வியைச் செயலாளரிடம் எழுத்தில் கொடுக்குமாறு சொல்லி, அடுத்த கூட்டத்தில் அதற்கான விளக்கத்தை வாசிக்கச் செய்திருக்கலாம். அதைத் தடுக்கும் சட்டமும் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரதேச சபையின் தவிசாளர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் மட்டுமல்லர். சபையின் நிறைவேற்று அதிகாரமும் அவரிடமே இருக்கிறது. ஒப்பந்தத்துக்கும் கொடுப்பனவுக்கும் பொறுப்பானவரே அவற்றைப் பற்றிய கேள்வியை அனுமதிப்பதா இல்லையா என்றும் தீர்மானிக்கிறார். ஆகவே இந்த விடயத்தைத் தனி மனிதரின் நல்ல மனத்துக்கு விட்டுவிடுவது போதாது, விதியாக எழுதப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

அதற்கு முன், கேள்வி சரியான வாசலில் தட்டப்படுகிறதா என்று பாருங்கள். நம் மக்கள் பலர் பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். பிரதேச செயலாளர் அரச உத்தியோகத்தர். அவர் வாக்காளருக்குத் தெரிவுமுறையில் பொறுப்புடையவர் அல்லர். வீதிகளிலும் பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், அடுத்த தரத்தவை மாகாண வீதித் திணைக்களத்திடமும், உள்வீதிகள் சபையிடமும் இருக்கின்றன. சபையின் வீதியாகவே இருந்தாலும் வேலைக்கான பணம், பாராளுமன்ற உறுப்பினர்களின் பரிந்துரையில் ஒதுக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலிருந்தோ வேறொரு திட்டத்திலிருந்தோ வந்திருக்கலாம். அப்போது மதிப்பீடு வேறொரு அலுவலகத்தின் கோவையில் இருக்கும். "இது எங்கள் வேலை அல்ல" என்ற ஒற்றை வரியால் ஊரவர்களைத் திருப்பி அனுப்ப இந்தக் குழப்பமே பெரும்பாலும் பயன்படுகிறது.

உங்கள் வடிகான் விடயத்தில் இன்றே கையில் எடுக்கக்கூடிய சட்டம் ஒன்று உண்டு. அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் 2015இல் தகவல் பெறும் உரிமையை அடிப்படை உரிமையாக 14அ உறுப்புரையில் சேர்த்தது. அதைச் செயற்படுத்தும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உள்ளூராட்சி மன்றங்கள் அதற்குள் அடங்கும். ஒவ்வொரு சபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். அவரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால் உத்தியோகத்தரே அதை எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதுவும் பயனளிக்காவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

விண்ணப்பத்தில் "வீதி வேலையில் ஏன் ஊழல் நடந்தது" என்று எழுதாதீர்கள். அதற்குப் பதில் தரும் கடமை எவருக்கும் இல்லை. மதிப்பீட்டின் பிரதி, ஒப்பந்தத்தின் பிரதி, தொழில்நுட்ப உத்தியோகத்தரின் அளவீட்டு அறிக்கை, இறுதிக் கொடுப்பனவுச் சீட்டு, அந்த வேலையை அங்கீகரித்த கூட்டத்தின் கூட்டறிக்கை என்று ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மேலும், உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாயைத் தாண்டும் திட்டமாயின், அது தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அது பற்றிய தகவலை வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு பொறுப்பான அமைச்சரைக் கட்டுப்படுத்துகிறது. இந்தப் பிரிவை நம் பகுதியில் எவரும் எடுத்துப் பேசுவதை நான் கண்டதில்லை, பேச வேண்டும்.

கரையோர உறுப்பினர், அம்பாறை மாவட்டம்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் அம்பாறைக் கரையோரத்தில் ஒரு சபையின் உறுப்பினர். பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு வந்திராவிட்டால் என்னைப் போன்றவர்கள் அந்த மேசைக்கே வந்திருக்க மாட்டோம். ஆகவே மேசைக்கு வெளியே நிற்பவர்களின் நிலை எனக்கு நன்றாகவே விளங்கும்.

ஐயா எழுதிய சட்ட விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உறுப்பினர் பக்கத்து நிலையையும் நீங்கள் அறிய வேண்டும். எதிரணி உறுப்பினர் தன் சொல் எடுபடாது என்று சொன்னது, மன்னிக்க வேண்டும், நொண்டிச் சாட்டு. பிரேரணை தோற்கலாம், கேள்வி தோற்பதில்லை. உறுப்பினர் ஒருவர் எழுத்தில் வினாவைக் கொடுத்துவிட்டால் அது கூட்டறிக்கையில் ஏறுகிறது. பதில் தரப்பட்டதா இல்லையா என்பதும் ஏறுகிறது. எனக்கு மக்கள் கொண்டுவரும் முறைப்பாடுகளில் வீதியின் பெயர், வேலை நடந்த மாதம், படம், கையெழுத்துகள் ஆகியவற்றுடன் வருபவற்றை நான் அப்படியே சபையில் வாசிக்கிறேன். வெறும் வாய்ப்பேச்சாக வருபவற்றை வைத்துக்கொண்டு நான் எழுந்தால், "ஆதாரம் எங்கே?" என்ற ஒரு வார்த்தையில் என்னை உட்கார வைத்துவிடுகிறார்கள். உங்கள் சங்கம் கேள்வியை எழுதி, ஆளும் அணி உறுப்பினர் ஒருவருக்கும் எதிரணி உறுப்பினர் ஒருவருக்கும் ஒரே நாளில் கொடுக்கட்டும். இருவரில் ஒருவர் கேட்காமல் இருப்பது மற்றவருக்கு வாய்ப்பாகிவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

அடுத்த விடயத்தில் எனக்கு அச்சமும் உண்டு, விருப்பமும் உண்டு. பொதுமக்களுக்கு நேரம் ஒதுக்கினால் அந்த நேரத்தைக் கட்சி ஆதரவாளர்கள் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் பகுதியில் ஊர் எல்லை, இனம், சந்தைக் கடை, மயானக் காணி என்று தொட்டால் பற்றிக்கொள்ளும் விடயங்கள் இருக்கின்றன. முன்னேற்பாடு இல்லாமல் ஒலிவாங்கியைத் திறந்துவிட்டால், வடிகானைப் பற்றிக் கேட்க வந்த பெண் பின்வரிசையிலேயே இருந்துவிட்டு வீட்டுக்குப் போவார். ஆகவே கேள்வி முன்கூட்டியே எழுத்தில் வர வேண்டும், சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், வந்த ஒழுங்கில் எடுக்கப்பட வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் நான் எங்கள் சபையில் அதற்கு ஆதரவாகக் கை உயர்த்துவேன்.

கேட்பதற்கு ஒரு சபை இருப்பதே பெரிது என்பதையும் நாம் கண்டுவிட்டோம். 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தல் நடக்கவில்லை. 2025 மே மாதம் 6ஆம் திகதி வாக்களித்து, ஜூன் மாதத்தில் புதிய சபைகள் அமையும்வரை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் செயலாளர்களும் ஆணையாளர்களுமே நிர்வாகம் நடத்தினார்கள். கல்முனை மாநகர சபைக்கு வழக்குக் காரணமாக அந்தத் தேர்தலும் நடைபெறவில்லை. அந்தக் காலத்தில் குப்பை வண்டி வராவிட்டால் யாரிடம் கேட்பது என்று மக்கள் தவித்ததை நேரில் பார்த்தவள் நான். உறுப்பினர்கள் திரும்பி வந்த பிறகும் கேட்க முடியவில்லை என்றால் அந்தத் தேர்தலை நாம் எதற்காகக் கோரினோம்?

படுவான்கரை வாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தகவல் உரிமை விண்ணப்பத்தை எங்கள் சங்கம் உடனடியாக எழுதும். வினாவை இரண்டு உறுப்பினர்களுக்கும் கொடுக்கும் யோசனையையும் ஏற்றுக்கொண்டோம்.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தகவல் உரிமைச் சட்டம் எனக்கு ஆவணத்தைத் தருகிறது. அந்த ஆவணத்தைப் பற்றிப் பொறுப்பானவர் ஊரவர் முன்னிலையில் விளக்கம் சொல்வதைத் தருவதில்லை. மதிப்பீட்டில் வடிகான் இருந்து, கொடுப்பனவும் செய்யப்பட்டு, வேலை மட்டும் நடக்கவில்லை என்று ஆவணம் காட்டினால் அதை நான் மேலிடத்துக்கு அனுப்பலாம். மாறாக, மதிப்பீட்டிலேயே வடிகான் இல்லை என்று தெரியவந்தால் அதில் குற்றம் என்று எதுவும் இராது. பிழையான தீர்மானம் ஒன்று மட்டுமே இருக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அந்த வீதியில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பிழை நேர்ந்திராது. தீர்மானத்துக்கு முன்னரே கேட்பதற்கும் சொல்வதற்கும் உள்ள வாய்ப்பைத்தான் நான் தேடுகிறேன். வெளிநாடுகளில் இது எப்படி நடக்கிறது என்று அறிந்தவர்கள் இருக்கிறார்களா?

கல்லாற்றிலிருந்து லண்டன்

நான் கல்லாற்றில் பிறந்து, நெடுங்காலமாக இங்கிலாந்தில் வசிப்பவன். இங்குள்ள சிற்றூர் மன்றம் ஒன்றின் கூட்டங்களுக்குத் தொடர்ந்து போய் வருகிறேன். பாரிஷ் கவுன்சில் என்று அதை அழைப்பார்கள். நம் ஊரில் பலர் நினைப்பதற்கு மாறாக, இங்கே குடிமகன் சபையில் எழுந்து கேள்வி கேட்பது சட்டம் தந்த உரிமை அல்ல. இதை நான் அறிந்தபோது வியப்பாகவே இருந்தது.

1960ஆம் ஆண்டின் பொது அமைப்புகளின் கூட்டங்களுக்கு மக்களை அனுமதிக்கும் சட்டம், அதாவது மார்கரெட் தாட்சர் புதிய பாராளுமன்ற உறுப்பினராக இருந்தபோது தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்த அந்தச் சட்டம், கூட்டத்துக்குள் சென்று இருந்து பார்க்கும் உரிமையைத் தந்தது. பேசும் உரிமையை அது தரவில்லை. 2014இல் வந்த ஒழுங்குவிதிகள் கூட்டத்தை ஒலி, ஒளிப் பதிவு செய்யவும், நடந்துகொண்டிருக்கும்போதே அதைப் பற்றி வெளியே எழுதவும் உரிமை தந்தன. அப்போதும் பேசும் உரிமை வரவில்லை. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான சிற்றூர் மன்றங்களில் மக்கள் பேசுகிறார்கள், ஏனெனில் ஒவ்வொரு மன்றமும் தன் கூட்ட நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளில் அதற்கென நேரத்தைத் தானே எழுதி வைத்திருக்கிறது. வழக்கமாகக் கூட்டத்தின் தொடக்கத்தில் கால் மணி நேரம், ஒருவருக்கு மூன்று நிமிடம் என்ற அளவில் இருக்கும். நிகழ்ச்சி நிரலில் உள்ள விடயங்களைப் பற்றியே பேசலாம். கூட்டத்தின் நேரமும் இடமும் மூன்று முழு நாட்களுக்கு முன்னரே பொது இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்று 1972ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் கூறுகிறது; நிகழ்ச்சி நிரலையும் அதனுடன் ஒட்டுவது வழக்கம். கூட்டத்தில் என்ன பேசப்படவிருக்கிறது என்று தெரியாதவருக்கு எதைக் கேட்பது என்று எப்படித் தெரியும்? கேள்வி நேரத்தைக் கேட்பதற்கு முன், உங்கள் சபையின் நிகழ்ச்சி நிரலைப் பொது நூலகத்திலும் சந்தையிலும் ஒட்டுமாறு கேளுங்கள் என்று நான் சொல்வேன்.

இரண்டு விடயங்களைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மன்றக் கூட்டத்திலிருந்து வேறானதாக, ஆண்டுதோறும் மார்ச் 1ஆம் திகதிக்கும் ஜூன் 1ஆம் திகதிக்கும் இடையில் ஊரின் வாக்காளர்கள் அனைவருக்குமான பொதுக்கூட்டம் ஒன்று நடத்தப்பட வேண்டும். அது வாக்காளர்களின் கூட்டம். அங்கே அவர்கள் பேசுவதற்கும் வாக்களிப்பதற்கும் உரிமை உடையவர்கள். மற்றது கணக்கு. ஆண்டுக் கணக்குகளை 30 வேலை நாட்கள் மக்கள் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும். வாக்காளர் ஒருவர் அக்காலத்தில் கணக்காய்வாளரிடம் வினா எழுப்பலாம், ஆட்சேபனையும் தெரிவிக்கலாம். தமிழ்நாட்டில் இந்திய அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்துக்குப் பின் வந்த கிராம சபையும் ஊரின் வாக்காளர்கள் அனைவரையும் உறுப்பினராகக் கொண்டது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி பிறந்த நாள் முதலிய நாட்களில் அது கூடுவது அங்கே வழமை. நம்மிடம் அப்படி ஒன்று சட்டத்தில் இல்லாதிருப்பது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

ஓய்வுபெற்ற உள்ளூராட்சி உத்தியோகத்தர், மட்டக்களப்பு

லண்டன் அன்பர் எழுதியது இந்த விவாதத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. சட்டம் தராததைச் சபையின் சொந்த விதி தரலாம். நம் சபைகளுக்கும் தங்கள் கூட்ட நடவடிக்கைகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் உண்டு. அதை உபவிதியாகச் செய்யப்போனால் மாகாணத்தின் அங்கீகாரமும் வர்த்தமானி அறிவித்தலும் வேண்டும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பிறகு தேர்தல் இல்லாமல் ஆளுநரின் கீழ் நிர்வாகம் நடந்துவருவதால் அந்த வழி நீளமானது. ஆகவே முதலில் ஒரு சாதாரண தீர்மானமாகத் தொடங்குங்கள்: கூட்டம் முறைப்படி ஆரம்பிப்பதற்கு முன்னரான அரை மணி நேரத்தை மக்கள் வினாக்களுக்கு ஒதுக்குவதற்குச் சபை இணங்குகிறது என்ற தீர்மானம். கூட்டத்துக்கு முன்னரான நேரம் என்பதால் கூட்ட விதியை மீறியதாக எவரும் ஆட்சேபிக்க முடியாது. சில மாதங்கள் நல்லபடியாக நடந்தால் பின்னர் விதியாக்குவது இலகு.

மற்றொரு கதவும் பாதி திறந்தே இருக்கிறது. பிரதேச சபைக்கு ஆலோசனை கூறும் குழுக்களில் உறுப்பினர் அல்லாத, பிரதேசத்தில் வசிக்கும் மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவைகள், சுற்றாடலும் வசதிகளும் என்று பொதுவாக நான்கு குழுக்கள் அமைக்கப்படுகின்றன. வீதியும் வடிகானும் தொழில்நுட்ப சேவைகள் குழுவின் மேசைக்குத்தான் வருகின்றன. நீங்கள் சொன்ன "தீர்மானத்துக்கு முன்னரே கேட்கும் வாய்ப்பு" உண்மையில் அங்கேதான் இருக்கிறது. ஊருக்கு ஒருவராவது, அவர்களில் பாதிப்பேர் பெண்களாக, அந்தக் குழுவில் அமர்த்தப்பட வேண்டும் என்று கேளுங்கள். என் சேவைக்காலத்தில் இந்தக் குழுக்கள் பல இடங்களில் தாளில் மட்டுமே இருந்தன. கூட்டம் நடந்ததாகக் கையொப்பம் வாங்கிக்கொள்வார்கள். ஆள் வந்து அமர்ந்தால் மட்டுமே அவை உயிர் பெறும்.

இன்னொரு எச்சரிக்கை. இங்கிலாந்தின் மாதிரி விதிகளில், மக்கள் கேட்கும் கேள்விக்கு அந்தக் கூட்டத்திலேயே பதில் தர வேண்டியதில்லை என்று இருப்பதாகவும் அறிகிறேன். அவர்களுக்கு அது பொருந்தலாம், ஏனெனில் அங்கே பதில் பின்னர் வந்துசேரும் வழக்கம் நிலைத்துவிட்டது. நமக்குப் பொருந்தாது. நம்மிடம் "பரிசீலிக்கிறோம்" என்று சொல்லப்பட்ட கேள்விகள் கோவைக்குள் போய் அப்படியே இருந்துவிடும். பதிலுக்கு ஒரு காலக்கெடு தீர்மானத்திலேயே எழுதப்பட வேண்டும்.

கல்லாற்றிலிருந்து லண்டன்

ஐயா சொல்வது உண்மை. நான் போகும் மன்றத்தில்கூட உடனடிப் பதில் பல தடவை கிடைப்பதில்லை; அடுத்த கூட்டத்தின் ஆவணங்களுடன் எழுத்துமூலப் பதில் வரும். காலக்கெடுவை எழுதுவதே பாதுகாப்பு.

வாசிகசாலை ஆசிரியை, அக்கரைப்பற்று

பெரியவர்கள் பேசியதில் ஒரு பகுதி விடுபட்டிருப்பதால் எழுதுகிறேன். எழுத்தில் கேள்வி கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை நியாயமானதுதான். ஆனால் சபையின் தெருவிளக்கையும் குப்பை வண்டியையும் பொதுக் கிணற்றையும் அதிகமாக நம்பி வாழ்பவர்களில் எழுதத் தயங்குபவர்கள் பலர் இருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கும், அடுத்தவர் வயலில் வேலை செய்கிறவர்களுக்கும், சிறு பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மாருக்கும் வேலை நாள் காலையில் சபை மண்டபத்துக்கு வருவது இயலாத காரியம். கேள்வி நேரம் என்று ஒன்றை உண்டாக்கி, அதற்கு ஒப்பந்தக்காரர்களும் கட்சிக்காரர்களும் ஓய்வூதியர்களும் மட்டுமே வந்தால் நோக்கம் நிறைவேறாது. சபையின் பொது நூலகங்களிலும் வாசிகசாலைகளிலும் கேள்வியைச் சொன்னால் எழுதிக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும். கேட்டவர் வர முடியாவிட்டாலும் அவருடைய கேள்வியைச் செயலாளர் வாசிக்க வேண்டும். ஆண்டுக்குச் சில தடவைகளாவது இந்த நேரத்தைச் சபை மண்டபத்தில் அல்லாமல் வட்டாரத்தின் பாடசாலையிலோ பல்தேவைக் கட்டடத்திலோ, மாலை வேளையில் வைக்க வேண்டும்.

பெயர் விடயமும் முக்கியம். தவிசாளரைக் கேள்வி கேட்டவரின் வீட்டு முன்னால் உள்ள விளக்கு எரியாமல் போகும் என்ற பயம் கிராமத்தில் இருக்கிறது. அந்தப் பயம் எவ்வளவு நியாயமானது என்று நான் விவாதிக்கவில்லை. அது இருக்கும்வரை மக்கள் வாய் திறக்க மாட்டார்கள். சங்கத்தின் பெயரில் கேட்பதற்கும் இடம் இருக்கட்டும்.

படுவான்கரை வாசி

இங்கே எழுதியவர்களின் கருத்துகளைச் சேர்த்து, எங்கள் சங்கத்தின் கடிதத்துக்கான ஒரு வரைவைத் தயாரித்திருக்கிறேன். திருத்தங்கள் இருந்தால் கூறுங்கள்.

"கௌரவ தவிசாளர் அவர்களுக்கும் கௌரவ உறுப்பினர்களுக்கும். எமது சபையின் மாதாந்தக் கூட்டத்துக்கு முன்னரான அரை மணி நேரத்தை, பிரதேச வாசிகளின் வினாக்களுக்கு விளக்கமளிப்பதற்கென ஒதுக்கும் தீர்மானம் ஒன்றைச் சபை நிறைவேற்ற வேண்டும் எனப் பணிவுடன் கோருகிறோம். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் ஒரு வாரத்துக்கு முன்னர் சபை அலுவலகத்திலும் உப அலுவலகங்களிலும் நூலகங்களிலும் காட்சிப்படுத்தப்பட வேண்டும். வினாக்கள் கூட்டத்துக்கு மூன்று வேலை நாட்களுக்கு முன்னர் எழுத்திலோ, நூலகப் பொறுப்பாளரிடம் வாய்மொழியாகவோ, தனிநபர் பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ ஒப்படைக்கப்படலாம். அவை கிடைத்த ஒழுங்கில் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். சபையின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட வினாவாயின், அது எந்த நிறுவனத்துக்குரியது என்பதைச் செயலாளர் எழுத்தில் அறிவித்து அந்நிறுவனத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். அன்றே விளக்கமளிக்க இயலாத வினாவுக்கு 14 வேலை நாட்களுக்குள் எழுத்துமூலப் பதில் தரப்பட வேண்டும். மேலும், சபையின் குழுக்களில், விசேடமாகத் தொழில்நுட்ப சேவைகள் குழுவில், கிராமங்களின் பிரதிநிதிகளைச் சட்டத்துக்கு அமைய இணைத்துக்கொள்ள வேண்டும் எனவும் வேண்டுகிறோம்."

கரையோர உறுப்பினர், அம்பாறை மாவட்டம்

வரைவு நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தங்களைச் சொல்கிறேன். கடிதமாக மட்டும் கொடுத்தால் அது செயலாளரின் கோவையில் தங்கிவிடும். உங்கள் பகுதி உறுப்பினர் ஒருவர் இதைப் பிரேரணையாக முன்மொழியவும் வேறு அணியைச் சேர்ந்த ஒருவர் வழிமொழியவும் வேண்டும்; கூட்டத்துக்கு முன்னரே பிரேரணை அறிவித்தல் கொடுக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்யுங்கள். அடுத்து, கேட்கப்பட்ட வினாவும் தரப்பட்ட பதிலும் சபையின் கூட்டறிக்கைக்கு இணைப்பாகச் சேர்க்கப்பட வேண்டும் என்ற வாக்கியத்தைக் கட்டாயம் சேருங்கள். கூட்டத்துக்கு முன்னரான நேரத்தில் நடப்பது, அப்படி எழுதப்படாவிட்டால், பதிவில் வராது. பதிவில் வராத பதிலை அடுத்த மாதம் எவரும் மறுத்துவிடலாம். எங்கள் சபையில் இதே வரைவைச் சிறு மாற்றங்களுடன் நான் முன்வைக்கப் போகிறேன். உங்கள் சங்கத்துக்கு ஆட்சேபனை உண்டா?

படுவான்கரை வாசி

ஆட்சேபனை எதுவும் இல்லை அம்மா, தாராளமாகப் பயன்படுத்துங்கள். இரண்டு திருத்தங்களையும் சேர்த்துவிட்டேன். வழிமொழியக்கூடிய உறுப்பினரிடம் பேசுவதற்குச் சங்கத்திலிருந்து மூவரை நியமித்திருக்கிறோம். பிரேரணை எடுத்துக்கொள்ளப்பட்டதும் அதன் முடிவையும், எதிர்த்து வாக்களித்தவர்கள் கூறிய காரணங்களையும் இங்கே எழுதுகிறேன்.